பின்னறையில் லேப்டாப் வைஃபை அறுந்து அறுந்து வருகிறது, போனில் ஓடுகிறது (கோத்தகிரி, கல் வீடு)

அரவேணு_பின்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் பழைய கல் வீடு. சுவர் ஒன்றரை அடி கனம், மேலே தகரக் கூரை, அதன் அடியில் பலகை சீலிங். ஃபைபர் இணைப்பு. ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியை இணைய இணைப்பாக மாற்றும் கருவி), வைஃபை ரவுட்டர் இரண்டும் ஒரே பெட்டி. முன் ஹாலில் ஜன்னல் ஓரமாக இருக்கிறது, ஒயர் அந்த ஜன்னல் வழியாக வருவதால். வேலை செய்யும் மேசை பின்னறையில். நடுவில் இரண்டு கல் சுவர்.

லேப்டாப்பில் விண்டோஸ் 11, இன்டெல் ஏஎக்ஸ்201 வைஃபை. தொல்லை மூன்று விதமாக வருகிறது. மீட்டிங் நடுவில் படம் உறைந்துவிடும், ஆனால் வைஃபை அடையாளம் அப்படியே நிற்கும். சில சமயம் இணைப்பு முழுதாக அறுந்து, ஒரு நிமிடம் போல் கழித்துத் தானாக ஒட்டிக்கொள்ளும். சில நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பட்டனே இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது படம் உறைவது அதிகம். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருப்பதால் அது அணைவதில்லை.

அதே மேசையில் போனில் எல்லாம் ஓடுகிறது. மூடுபனி இறங்கினால் வைஃபை குறையும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். மாற்ற வேண்டியது லேப்டாப்பா, ரவுட்டரா, இணைப்பா?


குன்னூர்_நெட்வொர்க் எழுதியது:

இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவுல அறுபடுதா, ரவுட்டருக்கு வெளியே ஃபைபர்ல அறுபடுதா, இல்ல தளத்தோட பேருக்கு எண் முகவரியைத் தேடிக் குடுக்கற டிஎன்எஸ் மட்டும் படுத்துதா. இந்த மூணையும் பிரிக்காம டிரைவரை (வைஃபை கார்டை இயக்கற மென்பொருள்) மாத்தறது, ரீசெட் அடிக்கறது எல்லாம் நேரத்துக்குக் கேடு.

போனோட ஒப்பிடறதுக்கு முன்னாடி போன்ல மொபைல் டேட்டாவை அணைச்சிடுங்க. இப்போ வர்ற போன் பலதும் வைஃபை பலவீனமானா சத்தமில்லாம 4ஜிக்குத் தாவிடும். மேல வைஃபை அடையாளம் இருந்துட்டே இருக்கும். "போன்ல ஓடுது, லேப்டாப்ல ஓடலை"ன்னு வர்ற புகார்ல இது அடிக்கடி ஏமாத்தற இடம்.

அடுத்து லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து "ஐபிகான்ஃபிக்" (ipconfig) அடிங்க. ஐபிவி4 முகவரி 169.254-ல ஆரம்பிச்சா ரவுட்டர் முகவரியே குடுக்கலைன்னு அர்த்தம், அதாவது முகவரி குடுக்கற டிஹெச்சிபி தோத்துப்போச்சு. 192.168-ல ஆரம்பிச்சா சரி. கீழே டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு எண் இருக்கும், அதுதான் உங்க ரவுட்டர். 192.168.1.1-ன்னு வெச்சுக்குவோம்.

மூணு கமாண்ட் ஜன்னல் பக்கத்துல பக்கத்துல திறந்து வைங்க. பிங்குங்கறது சின்னச் செய்தி அனுப்பி பதில் வர எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்கற கமாண்ட். ஒண்ணுல "பிங் 192.168.1.1 -டி" (ping 192.168.1.1 -t). ரெண்டாவதுல "பிங் 8.8.8.8 -டி", அந்த எண் வெளியே இருக்கற கூகுள் சர்வர். மூணாவதைக் காலியா விட்டுட்டு, படம் உறையற நேரத்துல ஏதாவது ஒரு தளத்தோட பேரைப் போட்டு பிங் அடிங்க. நிறுத்த கன்ட்ரோல்-சி.

ரவுட்டருக்கான பிங்கே "ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்" காட்டினாலோ, 3, 4 மில்லிசெகண்ட்ல இருந்து திடீர்னு 300, 800-ன்னு எகிறினாலோ கோளாறு வீட்டுக்குள்ள: வைஃபை இல்லாட்டி லேப்டாப். அப்போ கம்பெனிக்கு போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ரவுட்டர் பிங் அசையாம இருந்து 8.8.8.8 மட்டும் விழுந்தா கோளாறு வெளியே. ரெண்டும் நல்லா இருந்து பேர் மட்டும் "குட் நாட் ஃபைன்ட் ஹோஸ்ட்"னு வந்தா டிஎன்எஸ். அடாப்டரோட ஐபிவி4 அமைப்புல 1.1.1.1, 8.8.8.8 ரெண்டையும் போட்டா முடிஞ்சது.

சிக்னல் அளவைத் திரையில இருக்கற வைஃபை கோடுகளைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" (netsh wlan show interfaces) அடிங்க. புது விண்டோஸ் 11-ல லொகேஷனை ஆன் பண்ணச் சொல்லும், பண்ணிடுங்க. அதுல சேனல், ரேடியோ வகை, ரிசீவ் வேகம், சிக்னல் சதவீதம் நாலையும் குறிச்சுக்கோங்க. சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழிச்சா டிபிஎம் கிடைக்கும், அதாவது சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது: 80 சதவீதம்னா மைனஸ் 60, 50 சதவீதம்னா மைனஸ் 75. மீட்டிங்குக்கு மைனஸ் 67-க்கு மேல இருக்கணும். மைனஸ் 75-ல இழுத்துக்கிட்டு ஓடும். மைனஸ் 80-க்குக் கீழே போனா அறுபடறது இயல்பு, அதுல லேப்டாப் மேல தப்பு சொல்ல முடியாது.

கடைசியா, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்" (netsh wlan show wlanreport). கடந்த மூணு நாள் இணைப்பு வரலாறு ஒரு பக்கமா வரும், கோப்பு எங்க இருக்குன்னு அதுவே சொல்லும். ஒவ்வொரு துண்டிப்புக்கும் காரணம் எழுதியிருக்கும். பிரவுசர்ல அந்த கேட்வே எண்ணை அடிச்சா திறக்கற ரவுட்டர் அமைப்புப் பக்கத்துல "அப்டைம்" (அணையாம ஓடின நேரம்) எவ்வளவுன்னும் பாருங்க. அது சில மணி நேரம்னு காட்டினா ரவுட்டரே அணைஞ்சு எழுந்திருக்கு.

அளவுகளை இங்க போடுங்க. மேசையில ஒண்ணு, ரவுட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர்ல ஒண்ணு, சார்ஜர்ல ஒண்ணு, பேட்டரியில ஒண்ணு.


கேத்தி_அலைவரிசை எழுதியது:

மூடுபனி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மலையில் எல்லா வைஃபை கோளாறும் அதன் தலையில்தான் விழுகிறது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனியும் மழையும் வீட்டளவு தூரத்தில் தொடுவதே இல்லை. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில்கூட 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு ஒரு டெசிபெலைத் தாண்டாது. உங்கள் ஹாலில் இருந்து பின்னறைக்கு அது கணக்கிலேயே வராது. மலைக்கு மலை டிஷ் வைத்து இணைப்பு எடுப்பவர்களுக்கு நடுவில் நனைந்த சில்வர் ஓக் மரம் நின்றால் அடி விழும். அது வேறு விஷயம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் மாறுவது என்னவென்றால், எல்லாரும் கதவு ஜன்னலை அடைத்து உள்ளேயே இருப்பார்கள், கல் சுவர் ஈரம் குடித்திருக்கும், கரண்ட் அடிக்கடி போகும். இவை மூன்றும் சேர்ந்து பனியின் பெயரைக் கெடுக்கின்றன.

உங்கள் வீட்டில் உண்மையான எதிரி அந்தச் சுவர். ஒன்றரை அடி கருங்கல் சுவர் ஒன்று 10 முதல் 20 டெசிபெல் வரை தின்னும். ஒவ்வொரு 10 டெசிபெலும் சக்தியைப் பத்தில் ஒன்றாக்கும். இரண்டு சுவர் தாண்டினால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே பார்க்கலாம். அலை சுவரைச் சாய்வாகக் கடந்தால் நிலைமை இன்னும் மோசம், கல்லுக்குள் அது போகும் தூரம் கூடிவிடுகிறது. தகரக் கூரை அலையைத் திருப்பி அடித்துவிடும், அதனால் "ரவுட்டரை மச்சில் ஏற்றி வை" என்ற யோசனை நம் வீடுகளுக்குப் பொருந்தாது. பலகை சீலிங், மரக் கதவு, கண்ணாடி ஜன்னல் இவை பெரிய தடை இல்லை. இரும்பு பீரோ, தண்ணீர் நிறைந்த ஹீட்டர் டேங்க், ரசம் பூசிய நிலைக்கண்ணாடி மூன்றும் தடை.

ஆகவே ரவுட்டரைக் கதவு வழிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். ஹால் கதவு, நடு அறைக் கதவு, பின்னறைக் கதவு மூன்றும் பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டில் நான்கு அல்லது ஐந்து அடி உயரத்தில் ரவுட்டர் உட்கார்ந்தால் சுவருக்குப் பதில் கதவுத் திறப்பு வழியாக அலை போகும். ஃபைபர் ஒயரை நீங்களே இழுக்க வேண்டாம். வளைவு விரற்கடைக்குள் சுருங்கினால் ஒளி கசியும், மடங்கினால் உள்ளே கண்ணாடி இழை உடையும். பச்சைத் தலை கொண்ட கனெக்டரின் நுனியைத் தொடாதீர்கள், அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். லைன்மேனிடம் நீளமான பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் ஒயர்) கேளுங்கள்.

அலைவரிசைத் தேர்வுக்கு வருகிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் அதே தூரத்தில் 2.4-ஐ விட சுமார் 7 டெசிபெல் குறைவாக வந்து சேரும், சுவரில் இன்னும் கூடுதலாக இழக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் உறையும். ரவுட்டர் அமைப்பில் "பேண்ட் ஸ்டியரிங்" அல்லது "ஸ்மார்ட் கனெக்ட்" என்பதை அணைத்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். பின்னறை லேப்டாப்பை எதில் சேர்ப்பது என்பதை அளந்து முடிவு செய்யலாம்.

2.4-இல் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர்ச் சரிவில் வீடுகள் படிப்படியாக அடுக்கி இருப்பதால் மேல் வீட்டு, கீழ் வீட்டு ரவுட்டரெல்லாம் ஜன்னல் வழியாக நேராகத் தெரியும். எஸ்டேட் லைன் வீடுகளில் கேட்கவே வேண்டாம். 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் அத்தனை பேரோடும் மோத வேண்டும். ஆட்டோவில் விட்டால் ரவுட்டர் 12 அல்லது 13-க்குப் போகலாம். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்கக் கணக்கில் அமைக்கப்பட்ட சில லேப்டாப் கார்டுகளுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது. போனில் தெரியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

5-இல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் மேலே வையுங்கள். இடையில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகும், அரை மணி நேரம் திரும்பாது. புதிதாகப் போகும் சேனலும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தால் குறைந்தது 60 விநாடி சும்மா காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசும். "ஒரு நிமிடம் போல் அறுந்து தானாக ஒட்டுகிறது" என்று நீங்கள் எழுதியது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. சேனல் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.


உதகை_லேப்டாப்_மேசை எழுதியது:

காலையில பட்டனே காணாமப் போறதும், பேட்டரியில மோசமாகறதும் லேப்டாப் பக்க வேலை. சுவரோட சம்பந்தம் இல்லை. வரிசையா செய்யுங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சோதிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தினா எது குணப்படுத்துச்சுன்னு தெரியாது, மறுபடி வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

பட்டன் காணாமப் போறதுக்கு: விண்டோஸ்ல "ஷட் டவுன்" கொடுத்தா அது முழுசா அணையறதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலையும் டிரைவரையும் வட்டுல எழுதி வெச்சுட்டு மறுநாள் அதையே எழுப்பும். கெட்டுப்போன நிலையில தூங்கின வைஃபை டிரைவர் கெட்டுப்போனபடியே எழும். ரீஸ்டார்ட்ல சரியாகக் காரணம் அதுதான், ரீஸ்டார்ட் மட்டும் எல்லாத்தையும் புதுசா ஏத்தும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ", அதுல மேல இருக்கற "சேஞ்ச் செட்டிங்ஸ்" வரியைத் தட்டினா கீழ் டிக் எல்லாம் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்துடுங்க. ஒரே ஒரு தடவை முழுசா அணைக்கணும்னா ஷிஃப்ட் அழுத்திக்கிட்டே ஷட் டவுன்.

அதுக்கப்புறமும் பட்டன் போச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ் பாருங்க. மஞ்சள் முக்கோணம், "கோட் 10" இருந்தா கார்டு தொங்கி நிக்குது. லேப்டாப்பை அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கி, யுஎஸ்பி-யில இருக்கறதெல்லாம் எடுத்து, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிங்க. கார்டுல தேங்கின மின்சாரம் வடிஞ்சு அது புதுசா எழும். பேட்டரி கழட்டற மாடல்னா கழட்டிடுங்க.

பேட்டரியில உறையறதுக்கு: டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டர், ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் தாள். "அலவ் தி கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்" டிக்கை எடுங்க. புது லேப்டாப் சிலதுல அந்தத் தாளே இருக்காது, பயப்பட வேண்டாம். அப்போ அட்வான்ஸ்ட் தாளுக்குப் போங்க. "மைமோ பவர் சேவ் மோட்"னு இருக்கும், அதை "நோ எஸ்எம்பிஎஸ்"னு மாத்துங்க. அது ஆன்ல இருந்தா மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு ஆன்டெனாவைத் தூங்க வைக்கும். சிக்னல் ஏற்கெனவே விளிம்புல இருக்கற பின்னறையில அந்த ஒரு ஆன்டெனாதான் தாங்கிக்கிட்டு இருந்திருக்கும். "ரோமிங் அக்ரெசிவ்னஸ்" நடுவுல, 3-ல இருக்கும். வீட்டுல ஒரே ரவுட்டர்தான்னா 1-க்கு இறக்குங்க, தேவையில்லாம வேற ரவுட்டர் தேடாது. "ப்ரிஃபர்ட் பேண்ட்" எந்த அலைவரிசைன்னு கேத்தி நண்பர் சொன்னபடி அளந்து வைங்க. விண்டோஸ் செட்டிங்ஸ்ல பவர் மோட் பேட்டரிக்குத் தனியா இருக்கு, "பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி"ல இருந்து "பேலன்ஸ்ட்"க்குக் கொண்டுவாங்க.

டிரைவர்: "அப்டேட் டிரைவர்" பட்டனை நம்பாதீங்க, அது விண்டோஸ் கிட்ட இருக்கறதை மட்டும் தேடும். லேப்டாப் கம்பெனி தளத்துல உங்க மாடலுக்கானதை முதல்ல, அது பழசா இருந்தா இன்டெல் தளத்துல இருந்து. பழைய டிரைவரை எடுக்கும்போது "அட்டெம்ப்ட் டு ரிமூவ் தி டிரைவர்" டிக் போட்டு எடுங்க. புது டிரைவர் கோப்பைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் எடுக்கணும். எடுத்தப்புறம் நெட் இருக்காது. கோப்பு இறங்கலைன்னா போனை யுஎஸ்பி டெதரிங்ல (போனோட நெட்டை ஒயர் வழியா லேப்டாப்புக்குக் குடுக்கறது) போடலாம். விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் தொல்லை ஆரம்பிச்சிருந்தா அதே ப்ராப்பர்ட்டீஸ்ல "ரோல் பேக் டிரைவர்".

"நெட்வொர்க் ரீசெட்" கடைசி ஆயுதம். எல்லா வைஃபை பாஸ்வேர்டும் விபிஎன் அமைப்பும் போயிடும். அதுக்கு முன்னாடி "நெட்ஷ் வின்சாக் ரீசெட்" (netsh winsock reset), "நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்" (netsh int ip reset) ரெண்டையும் அட்மினா அடிச்சு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, ரவுட்டரை மறுபடி அமைக்கும்போது பாதுகாப்பு முறையை "டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்" வைங்க. பழைய குறியாக்க முறையான டிகேஐபி கலந்து இருந்தா வேகம் 54 மெகாபிட்டுக்குள்ள அடங்கிடும். டபிள்யூபிஏ3 கலப்புல பழைய கார்டு சிலது சேரவே சேராது.


அரவேணு_பின்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அளந்தவை இவை.

மேசையில் சிக்னல் 38 சதவீதம், 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் 100. ரவுட்டருக்கு இரண்டு மீட்டரில் 99 சதவீதம். மொபைல் டேட்டாவை அணைத்ததும் போனும் அதே மேசையில் திணறுகிறது. அதில் மைனஸ் 78 காட்டுகிறது. சார்ஜரில் ரவுட்டர் பிங் பெரும்பாலும் 5 முதல் 20, நடுநடுவே 200. பேட்டரியில் 300-க்கு மேல், டைம்ட் அவுட்டும் வருகிறது. ரவுட்டர் பிங் நன்றாக இருக்கும் நேரத்தில் 8.8.8.8 ஒருமுறைகூட விழவில்லை. ரவுட்டர் அப்டைம் பல நாட்கள். ஒரு நிமிடம் அறுந்த வேளைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனிலும் காணாமல் போகிறது.

ஆன்டெனா கழன்றிருக்குமா என்று திறந்து பார்க்க வேண்டுமா?


குன்னூர்_நெட்வொர்க் எழுதியது:

அருமையா அளந்திருக்கீங்க, இதுலயே பதில் இருக்கு. 38 சதவீதம்னா மைனஸ் 81. லேப்டாப், போன் ரெண்டும் ஒரே இடத்துல கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுது, அதனால லேப்டாப் குற்றவாளி இல்லை, சுவர். 8.8.8.8 தனியா விழவே இல்லைங்கறதால ஃபைபர் இணைப்பும் நல்லா இருக்கு, கம்பெனி மாத்தறதுல பணம் வீண். சேனல் 100 அப்புறம் ரெண்டு கருவியிலயும் பேரே மறையறது கேத்தி சொன்ன ரேடார் சேனல் விவகாரம். பேட்டரியில கூடறது மின்சேமிப்பு, காலையில மறையறது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்.

வரிசை இதுதான்: ரவுட்டரைக் கதவு நேருக்குக் கொண்டுவாங்க, 5-ஐ 36-ல நிறுத்துங்க, பேரைப் பிரிங்க. அப்புறம் லேப்டாப் அமைப்பு. ரவுட்டர் நகர முடியற வரைக்கும் பின்னறையில 2.4-ல சேருங்க, வேகம் குறைஞ்சாலும் மீட்டிங் நிக்கும்.


உதகை_லேப்டாப்_மேசை எழுதியது:

திறக்க வேண்டாங்க. ரெண்டு மீட்டர்ல 99 காட்டற லேப்டாப்ல ஆன்டெனா ஒயர் நல்லாத்தான் உக்கார்ந்திருக்கு. கழன்றிருந்தா ரவுட்டர் பக்கத்துலயே 60, 70-ன்னு இருக்கும், ஒரு சுவர் தாண்டினதும் பேரே மறையும். மூடியை முன்னும் பின்னும் அசைச்சா சதவீதம் ஆடும், ஏன்னா பெரும்பாலான மாடல்ல ஒயர் கீல் வழியா மூடிக்குப் போகுது.

இதைப் படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன். கழன்றிருந்தா பேட்டரி கனெக்டரை முதல்ல எடுத்துட்டு, கார்டு மேல இருக்கற கறுப்பு, வெள்ளை ஒயர் தலையை நேரா கீழ் நோக்கி அழுத்தணும், கிளிக்னு ஒரு சின்னச் சத்தம் வரும். எடுக்கும்போது ஒயரைப் பிடிச்சு இழுக்காம தலைக்கு அடியில பிளாஸ்டிக் நெம்பியைக் குடுத்து நேரா மேல தூக்கணும். இந்தத் தலை பலமுறை கழட்டி மாட்டத் தாங்காது, மெல்லிசா விரிஞ்சிடும்.

கார்டையே மாத்தறவங்க கவனிங்க: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இன்டெல் சிப்செட்டோட சேர்ந்து மட்டும் வேலை செய்யற வகை, அதுலயும் தலைமுறை பொருந்தணும். ஏஎம்டி லேப்டாப்ல போட்டா கண்டுக்காது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை, பரவலா வேலை செய்யும். சில மெல்லிசு லேப்டாப்ல கார்டைப் போர்டுலயே பற்ற வெச்சிருப்பாங்க, அங்க யுஎஸ்பி வைஃபைதான் வழி. அதை யுஎஸ்பி 3 ஓட்டையில, பக்கத்துல வெளி ஹார்ட் டிஸ்க்கோட சொருகினா 2.4-ல இரைச்சல் ஏறும். ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைங்க.

நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு: டிசம்பர், ஜனவரி உறைபனியில ராத்திரி கார்ல கிடந்த லேப்டாப்பை அடுப்பு எரியற அறைக்குக் கொண்டுவந்து உடனே போடாதீங்க. உள்ளே நீர் படியும். மூடிய பையிலயே ஒரு மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்ததும் போடுங்க. ஈரம் படிஞ்சு படிஞ்சு கார்டோட தங்கப் பல்லுல பூஞ்சை மாதிரி படலம் வந்தா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சா போதும்.


கூடலூர்_ஃபைபர்_லைன் எழுதியது:

இவருக்கு வெளி இணைப்பு நல்லா இருக்கு, ஆனா 8.8.8.8 மட்டும் விழறவங்க இந்தப் பக்கம் நிறைய. ஓஎன்டி-யோட அமைப்புப் பக்கத்துல "ஆப்டிகல் பவர்" இல்லாட்டி "ஆர்எக்ஸ் பவர்" பாருங்க, வந்து சேர்ற ஒளியோட அளவு அது, டிபிஎம்ல இருக்கும். மைனஸ் 15-ல இருந்து மைனஸ் 24 வரைக்கும் நிம்மதி. மைனஸ் 27-ஐ ஒட்டினா விளிம்பு. காத்தடிச்சு ஒயர் ஆடும்போதெல்லாம் அறுபடும். சிவப்பு லாஸ் விளக்கு எரிஞ்சா ஒளியே வரலை. மரக்கிளை சாயறது, குரங்கு ஒயர்ல தொங்கறது, ஜாயின்ட் பெட்டிக்குள்ள தண்ணி, இதெல்லாம்தான் காரணம். இங்க தென்மேற்குப் பருவத்துல, உங்க பக்கம் வடகிழக்குல. புகார் குடுக்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்க, லைன்மேன் அளக்கற கருவியோட வருவார்.

இன்வெர்ட்டர் இல்லாதவங்களுக்கு ஓஎன்டி-க்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். அடாப்டர்ல எழுதியிருக்கற ஆம்பியர் ஒண்ணா, ஒண்ணரையா, ரெண்டான்னு பார்த்து அதுக்குக் குறையாம வாங்குங்க.


அரவேணு_பின்கட்டு எழுதியது:

லைன்மேன் நீளப் பேட்ச் கார்டு போட்டு ரவுட்டரை நடு அறைக் கதவு நேரே வைத்துக் கொடுத்தார். சேனல் 36. மேசையில் இப்போது 68 சதவீதம், பேட்டரியிலும் ரவுட்டர் பிங் 10-க்குள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைத்தபின் பட்டனும் மறையவில்லை.

முற்றத்துக்கு அப்பால் தனியாக ஒரு அவுட்ஹவுஸ் இருக்கிறது, சுமார் 25 மீட்டர். அதுவும் கல், தகரம். அங்கே ரிப்பீட்டர் போடலாமா?


கேத்தி_அலைவரிசை எழுதியது:

68 என்றால் மைனஸ் 66, மீட்டிங்குக்குத் தாராளம்.

அவுட்ஹவுஸுக்கு ரிப்பீட்டர் வேண்டாம். அது கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகும், அதோடு அவுட்ஹவுஸுக்குள் வைத்தால் அதற்கே நல்ல சிக்னல் கிடைக்காது. ஒயர் இழுங்கள். 25 மீட்டருக்கு கேட்6 செம்பு ஒயர் தாராளமாகப் போதும், எல்லை 100 மீட்டர். ஆனால் திறந்த வெளியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்பு என்பது நம் மலையில் இடிக்கு அழைப்பு. பக்கத்தில் இடி விழுந்தால் ஒயரில் பாயும் அதிர்வு இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளைக் கொன்றுவிடும். அதற்குப் பதில் ஃபைபர் ட்ராப் ஒயர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்பு ஒயருக்கு மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. ஒற்றை இழை ஜோடி என்றால் ஒன்று ஏ, ஒன்று பி என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் பேசாது. ட்ராப் ஒயரோடு எஃகுக் கம்பி சேர்ந்து வந்தால் கட்டடத்துக்குள் நுழையும் முன் அந்தக் கம்பியை வெட்டி வெளியிலேயே கட்டிவிடுங்கள், உள்ளே இழை மட்டும் போகட்டும். செம்புதான் என்றால் தரைக்கு அடியில் குழாய்க்குள், இரு முனையிலும் எர்த் செய்த சர்ஜ் பாதுகாப்போடு.

மறுமுனையில் கையில் இருக்கும் பழைய ரவுட்டர் போதும். அதை ஆக்சஸ் பாயின்ட்டாக (ஒயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் பெட்டி) மாற்ற: லேப்டாப்பை அதனோடு மட்டும் ஒயரில் இணைத்து, அதன் லேன் (வீட்டு உள் வலை) முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், முதன்மை ரவுட்டர் அந்த எண்ணை வேறு கருவிக்குக் கொடுக்காதபடி அதன் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.10-இல் இருந்து தொடங்கச் செய்யுங்கள். பழைய ரவுட்டரில் டிஹெச்சிபி-யை அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வீட்டில் உள்ளதே இருக்கலாம், சேனல் மட்டும் வேறு: வீட்டில் 2.4-க்கு 1 என்றால் அங்கே 11, 5-க்கு 36 என்றால் அங்கே 149. வரும் ஒயரை அதன் வான் (WAN, வெளி இணைப்புக்கான) ஓட்டையில் சொருகாமல் லேன் ஓட்டை ஒன்றில் சொருகுங்கள். வானில் சொருகினால் அது தனி வலையமைப்பு அமைத்துக்கொள்ளும், அவுட்ஹவுஸில் இருந்து வீட்டுக் கருவிகளைக் கண்டுபிடிப்பது சிக்கலாகும்.

இரண்டு இடத்துக்கும் நடந்து போய் வரும் லேப்டாப் என்றால் ரோமிங் அக்ரெசிவ்னஸை 1-இல் வைத்திருந்ததைத் திரும்ப 3 ஆக்கிவிடுங்கள்.